நாயின் மூக்கில் ஒரு புதிர்

ஒரு நாய்க்கு ஓயாத தும்மல். ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியும் ரத்தமும் வருகிறது. உள்ளே பார்த்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சதை, அதன் மேல் குண்டூசி முனை அளவில் வெள்ளைப் புள்ளிகள். இது புற்றுநோயா, தொற்றுநோயா? வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சதையில் ஒரு துண்டை எடுத்து, மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இதுதான் திசு நோயியல்.

அந்தச் சீவலில் கெட்டியான சுவர் கொண்ட வட்டப் பைகளும், அவற்றுக்குள் ஏராளமான வித்துகளும் தெரிந்தால் நோயின் பெயர் ரைனோஸ்போரிடியோசிஸ். முதிர்ந்த பை 100 முதல் 450 மைக்ரான் வரை இருக்கும். கோக்சிடியாய்டஸ் என்ற பூஞ்சையும் இதேபோல் பை கட்டும். ஆனால் அது இதைவிட மிகச் சிறியது. ஆகவே அனுபவமுள்ள கண்ணுக்குக் குழப்பம் வராது.

சரி, இந்தக் கிருமி எந்த இனம்? இங்கேதான் ஒரு நூற்றாண்டுக் குழப்பம் ஆரம்பிக்கிறது!

1900-ல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் கில்லெர்மோ சீபர் என்பவர் மனித மூக்குச் சதையில் இந்தப் பைகளைக் கண்டு எழுதினார். இது ஒரு செல் விலங்கு என்பது அவர் கருத்து. 1923-ல் ஆஷ்வொர்த் என்ற விலங்கியல் அறிஞர் எடின்பரோவில் இதை விரிவாக ஆராய்ந்தார். அவர் ஆராய்ந்த சதை, அங்கே படிக்க வந்த ஓர் இந்திய மாணவருடையது. இது பூஞ்சைதான் என்று அவர் முடிவு செய்தார். பாடப்புத்தகங்களும் பல பத்தாண்டுகள் அப்படியே சொல்லி வந்தன.

சந்தேகம் தீராததற்குக் காரணம் உண்டு. இந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. 1997-ல் இந்திய ஆய்வாளர்கள் சிலர் இது நீலப்பச்சைப் பாசி என்றுகூட வாதிட்டார்கள்.

விடை மரபணுவிலிருந்து வந்தது. 1999-ல் இலங்கை நோயாளிகளின் திசுவை வைத்து ஒரு குழுவும், 2000-ல் ஒரு நாயின் மூக்குச் சதையிலிருந்து தொடங்கி அமெரிக்கக் குழு ஒன்றும் ஒரே முடிவுக்கு வந்தன. இது பூஞ்சையும் அல்ல, பாசியும் அல்ல. மீன்களையும் தவளைகளையும் தாக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளத்தில் குளிப்பவர்களிடம் இந்நோய் ஏன் அதிகம் என்பதும் இதனால் ஓரளவு புரிந்தது.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு பயம் இருக்கும்: நமக்கும் ஒட்டிக்கொள்ளுமா? நாயிடமிருந்து மனிதருக்கு நேரடியாகத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. மனிதர், அன்னம், நாய் ஆகியவற்றில் காணப்படும் வகைகள் மரபணுவில் வேறுபடுகின்றன என்று 2005-ல் வெளிவந்த ஆய்வும் காட்டியது. முக்கிய சிகிச்சை, சதையை அடியோடு வெட்டி எடுப்பதுதான். மிச்சம் இருந்தால் மறுபடியும் வளரக்கூடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் நோயைச் சரியாகவே அடையாளம் கண்டார்கள். கிருமியின் உறவுமுறையில்தான் தவறினார்கள். உருவ ஒற்றுமை உறவுக்குச் சாட்சி ஆகாது. ஆனாலும் இன்றும் ஒரு நாய் மூக்கில் ரத்தத்தோடு வந்தால், மருத்துவர் முதலில் நம்புவது அந்த மெல்லிய சீவலைத்தான்.