பரிசிலும் பங்கும்

கவி பாடிய புலவனுக்குப் பொன்னும் தேரும் யானையும் ஈந்து மகிழ்ந்தது நம் தமிழ்நாடு. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குப் பதினாறு நூறாயிரம் பொன் பரிசாகக் கிடைத்தது என்று கலிங்கத்துப்பரணி கூறும். யாழ் மீட்டிப் பாடிய பாணர்க்குப் பொற்றாமரைப் பூச் சூட்டிய செய்தியைச் சங்க நூல்கள் பலவிடத்தும் பகரும். எனினும், அந்நாளில் பாட்டு ஒருவருடைய உடைமையாக எண்ணப்படவில்லை. பரிசில் கைக்கு வந்தவுடன் புலவனுக்கும் பாட்டுக்கும் இடையே இருந்த பொருள் தொடர்பு முடிந்தது. அதன்பின் எவர் பாடினும், எவர் ஏட்டில் எழுதினும், அவர் காசு தர வேண்டியதில்லை. பிற்காலக் கீர்த்தனை ஆசிரியர்கள் இறுதிச் சரணத்தில் தம் முத்திரையைப் பதித்துச் சென்றனர். அம்முத்திரை அவர்தம் பெயரைக் காத்தது, பொருளைக் காக்கவில்லை. காக்க வேண்டிய தேவையும் அன்று இல்லை. பாட்டு வேண்டுவோர் பாடுவோரை வருவித்தே ஆகவேண்டும் அன்றோ?

பாடுவோர் இல்லாமலே பாட்டைக் கேட்கலாம் என்ற நிலை வந்தபோதுதான், "இப்பாட்டுக்கு உரியவர் யார்?" என்ற வினா பிறந்தது. அவ்வினாவுக்குத் தமிழகம் தேடிய விடையையும், இந்திய நாட்டுச் சட்டம் கண்ட விடையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலித்தட்டும் வானொலியும்

1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையாரின் குரல் ஒலித்தட்டில் பதிவாயிற்று. சில ஆண்டுகளில் தென்னாட்டு இசைவாணர் குரலும் தட்டில் ஏறியது. 1931-இல் 'காளிதாஸ்' படத்தின் வாயிலாகத் தமிழ்த் திரை பேசவும் பாடவும் தொடங்கியது. 1938-இல் சென்னையிலும், 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன.

இவற்றால் விளைந்த மாறுதல் பெரிது. ஒரே பாட்டு நூலாக அச்சாகலாம், தட்டாக விற்கலாம், வானொலியில் ஒலிக்கலாம், படத்தில் இடம் பெறலாம். ஆகவே பாட்டின் உரிமையும் நான்காகப் பிளவுபட்டது. ஒரு நிலத்தை நான்கு பாத்திகளாக்கி நால்வருக்கு விற்பதுபோல், ஒரு பாட்டின் உரிமைகளையும் நால்வருக்குத் தனித்தனியே விற்கலாயிற்று. ஆங்கிலேயரின் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி 1914-இல் இந்தியாவிற்கென ஒரு பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆசிரியரின் வாழ்நாளும், அதன்பின் 50 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும் என்பது அச்சட்டத்தின் பொது விதி. ஆனால் வறுமையில் உழன்ற புலவர் குடும்பத்துக்கு அந்த 50 ஆண்டுகளால் என்ன பயன்? அடுத்த வேளை உணவுக்காக அனைத்தையும் விற்றுவிட வேண்டிய நிலைதானே இருந்தது!

பாரதி பாடல்கள் பட்ட பாடு

இதற்கு மகாகவி பாரதியாரின் பாடல்களைவிடத் தெளிவான சான்று வேறில்லை. 1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தார். அவருடைய துணைவியார் செல்லம்மாள், பாரதி ஆசிரமம் என்ற பெயரில் அவர்தம் நூல்களை வெளியிட முற்பட்டார். அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1930-களின் தொடக்கத்தில் பதிப்புரிமை பாரதியாரின் தம்பி சி. விசுவநாத ஐயரிடம் சென்றது. 1934-இல் பாடல்களை இசைத்தட்டாக்கும் உரிமை, சில நூறு ரூபாய்க்குச் சென்னை வணிகர் ஜேசிங்லால் மேத்தாவிடம் சேர்ந்தது. கவிஞரின் கனல் தெறிக்கும் பாடல்களுக்கு அன்றைய சந்தை வைத்த விலை அவ்வளவே.

பின்னர்ப் படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் அவ்வுரிமையை ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். 1947-இல் வெளிவந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. அடுத்த ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்று இடம் பெற்றபோது உரிமைப் பூசல் மூண்டது. மெய்யப்பர் முறைப்படி விலை கொடுத்து வாங்கியவர்; சட்டம் அவர் பக்கம் நின்றது. ஆனால் மக்கள் மனம் வேறு வினாவை எழுப்பியது. நாட்டு விடுதலைக்காகப் பாடிய கவிஞரின் பாட்டைப் பாட, நாட்டு மக்கள் ஒரு தனியாரிடம் இசைவு பெற வேண்டுமோ?

இவ்வினா கிளர்ச்சியாக வளர்ந்தது. நாரண துரைக்கண்ணன், டி. கே. சண்முகம், திருலோக சீதாராம் ஆகிய மூவரும் செல்லம்மாளை நேரிற் கண்டு அவருடைய இசைவைப் பெற்றனர். 1949-இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலிருந்த சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்றது. மெய்யப்பர் தம் உரிமையை விலையின்றி ஈந்தார். விசுவநாத ஐயருக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் இரு புதல்வியருக்கும் தலைக்கு 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன. 1955-இல் அரசு அவ்வுரிமையைப் பொதுமக்களுக்கே உரியதாக்கியது. சட்டப்படி 1971 முடிவு வரை காத்திருக்க வேண்டிய பாடல்கள் பதினாறு ஆண்டுகள் முன்னரே விடுதலை பெற்றன.

வங்கக் கவிஞர் தாகூரின் படைப்புகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அவற்றின் உரிமை விசுவபாரதிப் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 1991-இல் அது முடிவுறும் தறுவாயில், 50 ஆண்டு என்ற காலவரையே 60 ஆண்டாக நீட்டப்பட்டது. தாகூருக்காக நீண்ட அக்காலவரை இந்நாட்டு ஆசிரியர் அனைவருக்கும் பொருந்துவதாயிற்று. ஒரு கவிஞரின் பாட்டை விரைந்து விடுவித்தது தமிழகம்; ஒரு கவிஞரின் பொருட்டு உரிமைக் காலத்தை நீட்டியது மைய அரசு.

பாரதியைத் தொடர்ந்து தமிழறிஞர் பலருடைய நூல்களை நாட்டுடைமையாக்கிக் குடும்பத்தார்க்குத் தொகை வழங்கும் மரபு தமிழ்நாட்டில் வேரூன்றியது. போற்றத்தக்க மரபே. ஆயினும் இதுவும் ஒருமுறை ஈயப்படும் பரிசில்தான். அதுவும் புலவர் மறைந்தபின் வருவது. உயிரோடிருந்து பாட்டெழுதுவோருக்கும் மெட்டமைப்போருக்கும் என்ன வழி? அதைச் சட்டமே காட்ட வேண்டியிருந்தது.

சட்டம் சென்ற வழி

விடுதலை பெற்ற இந்தியா 1957-இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் இயற்றியது. 1958 சனவரி 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் இசைக்கு வகுத்த இலக்கணம், எழுதி வைத்த சுரக்குறிப்பையே பொருளாகக் கொண்டது. வாயால் முனகி மெட்டமைத்து, செவியால் கேட்டுக் கற்பது நம் மரபு. அம்மரபுக்கு இவ்விலக்கணம் சற்றும் பொருந்தவில்லை. 1994-இல்தான் எழுதப்படாத இசையும் இசையே என்று சட்டம் திருந்தியது. பாடகர் முதலிய நிகழ்த்துகலைஞருக்குத் தனியுரிமை கிடைத்ததும் அவ்வாண்டே.

இதற்கிடையில், 1969-இல் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இணைந்து, ஐ. பி. ஆர். எஸ். என வழங்கும் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்தை அமைத்தனர். தம் பாடல்களைப் பொதுவிடங்களில் ஒலிக்கச் செய்வோரிடம் கட்டணம் பெற அச்சங்கம் முனைந்தது. படத்தயாரிப்பாளர்கள் மறுத்தனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று 1977-இல் முடிவாயிற்று. ஊதியம் கொடுத்துப் பாட்டை ஆக்கச் செய்தவர் தயாரிப்பாளர். மாறான ஒப்பந்தம் இல்லையேல், படத்தில் இடம்பெற்ற பாட்டுக்கு அவரே முதல் உரிமையாளர் என்பது தீர்ப்பு. அத்தீர்ப்போடு நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர் தனிக்குறிப்பு ஒன்றும் இணைத்தார். பாட்டுக்கு உயிரூட்டும் பாடகருக்குச் சட்டத்தில் ஓர் இடமும் இல்லையே என்று சுட்டி, சட்டமன்றம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என வலியுறுத்தினார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. இந்தித் திரைப் பாடலாசிரியர் சாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராய் நின்று கலைஞர் பக்கம் வழக்குரைத்தார். 2012-இல் சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாண்டு சூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தத்தின் உயிர்நாடி ஒரு விதி. படத்துக்கெனப் பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் தம் உரிமையை விற்றாலும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலாக, ஏனைய பயன்பாடுகளில் வரும் உரிமைத்தொகையைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளும் பங்கை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ இயலாது. வாரிசுக்கு விடலாம், தொகையைத் திரட்டும் உரிமைச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம், வேறெவருக்கும் எழுதித் தர முடியாது. வறுமை வந்து கதவைத் தட்டினும் விற்க முடியாத பங்கு இது. செல்லம்மாளுக்குக் கிடைக்காத காவல் இதுவே.

தொலைக்காட்சியும் தனித் தயாரிப்பாளரும்

சென்னையில் 1975-இலும், பெங்களூரில் 1981-இலும் தொலைக்காட்சி நிலையங்கள் தோன்றின. 1993-இல் சன் தொலைக்காட்சி வந்தபின் தனியார் ஒளிபரப்பு பெருகியது. நாள்தோறும் பல்லாயிரம் பாடல்கள் ஒலிக்கும் நிலையில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இசைவு பெறல் எங்ஙனம்? இதற்காகவே 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வேறொரு வழியையும் வகுத்தது. முன்னரே வெளியிடப்பட்ட பாடலை, முன்னறிவிப்புக் கொடுத்து, உரிய அதிகாரம் பெற்ற மன்றம் வகுத்த விகிதத்தில் தொகை செலுத்தி, வானொலியும் தொலைக்காட்சியும் ஒலிபரப்பலாம். உரிமையாளர் தடுக்க இயலாது. ஆனால் இச்சலுகை இணையவழிப் பாட்டுச் சேவைகளுக்குப் பொருந்தாது என்று மும்பை உயர்நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. 2022-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று.

குறும்படமோ ஆவணப்படமோ எடுக்கும் தனித் தயாரிப்பாளர் நிலை இன்னும் நுட்பமானது. ஒரு பாட்டில் மூன்று உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன: சொல், மெட்டு, ஒலிப்பதிவு. பழைய திரைப்பாடலைத் தம் படத்தில் வைக்க விரும்புவோர் சொல்லுக்கும் மெட்டுக்கும் உரியவரிடமும், ஒலிப்பதிவுக்கு உரிய நிறுவனத்திடமும் எழுத்தில் இசைவு பெற வேண்டும். ஒருவரிடம் பெற்று மற்றவரை மறந்தால் படம் முடங்கும். பாரதியின் சொல் இன்று எல்லோர்க்கும் பொது. ஆயினும் அச்சொல்லுக்கு இன்று ஒருவர் அமைக்கும் மெட்டு அவருடையது. அதனைப் பதிந்த ஒலி பதிந்தவருடையது. "பாரதி பாட்டுத்தானே!" என்று எடுத்தாளுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

நம் மன்றத்தார்க்கு

ஓசூர்ச் சாலையோரம் சந்தாபுராவில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இவ்வரலாறு எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் நம் சிறுவர் சிறுமியர் மேடையேறிப் பாடுகின்றனர், ஆடுகின்றனர். ஊதியம் கருதாக் கலைமன்றம், கட்டணம் பெறாது அவையோர்க்கு நிகழ்த்தும் நிகழ்ச்சிக்குச் சட்டம் விலக்கு அளித்துள்ளது. ஆகவே நம் மேடையில் நம் பிள்ளைகள் பாடுவதற்கு அச்சம் வேண்டியதில்லை. ஆனால் அதே ஆட்டத்தைத் திரைப்பாடல் ஒலிப்பதிவோடு படம்பிடித்து யூடியூபில் ஏற்றினால் அவ்விலக்கு துணை வாராது. காணொளி ஊமையாக்கப்படுவதும் நீக்கப்படுவதும் அதனாலேயே. அவ்வாறு ஏற்ற விரும்பினால், பொதுவுடைமையான பாடலை நம் பிள்ளைகளே பாடி, நம்மவரே மெட்டமைத்துப் பதிதல் சிறந்த வழி.

மற்றொன்றும் உண்டு, அதுவே இன்றியமையாதது. நம் இல்லங்களில் பாட்டெழுதும் இளைஞரும் மெட்டமைக்கும் நங்கையரும் வளர்ந்து வருகின்றனர். நாளை ஒரு தயாரிப்பாளர் ஒப்பந்தத் தாளை நீட்டும்போது, முதல் வாய்ப்பு என்னும் மகிழ்ச்சியில் படியாமலே கையொப்பமிடல் ஆகாது. எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்நாட்டிற்கு என்று மூன்றையும் கேட்டறிதல் வேண்டும். காலத்தைக் குறிப்பிடாத ஒப்பந்தம் 5 ஆண்டுகளுக்கும், நாட்டைக் குறிப்பிடாத ஒப்பந்தம் இந்தியாவிற்குமே செல்லும் என்பது சட்டம். கூச்சத்தாலும் அறியாமையாலும் இவற்றைக் கேளாதிருந்தோர் இழந்தது மிகுதி.

பண்டைப் புலவன் பரிசில் பெற்று மகிழ்ந்தான்; அது ஈவோன் மனத்தைப் பொறுத்தது. இன்றைய கலைஞனுக்கு உரியது பங்கு. அது அவனுடைய உழைப்பைப் பொறுத்தது. பாரதியின் பாட்டை நாட்டுக்கு மீட்டுத் தந்த தமிழ்ச் சமுதாயம், வாழும் கலைஞர்தம் பங்கையும் காத்து நிற்பதாக!