டர்போ எஸ்.யூ.வி.யும் மைலேஜ் கணக்கும்

புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு மைலேஜ் இருக்கும். வாங்கி ஓட்டினால் வேறொரு மைலேஜ் கிடைக்கும். டர்போ பொருத்திய எஸ்.யூ.வி.களில் இந்த வித்தியாசம் ஏன் அதிகமாகத் தெரிகிறது என்பதற்கு அமெரிக்க வாகன வரலாற்றில் பதில் இருக்கிறது.

டர்போ புதிய கண்டுபிடிப்பு அல்ல. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாக வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதைக்கொண்டு இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதே இதன் தத்துவம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். அப்போதுதான் சக்தி கூடும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் மற்றவை எளிதாகப் புரியும்.

1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரில் டர்போ இருந்தது. ஆனால் அது வேகத்துக்காக, சிக்கனத்துக்காக அல்ல. அழுத்தப்பட்ட காற்று சூடாகி, பெட்ரோல் நேரம் தவறி எரிந்து இன்ஜின் தட்டும். அதைத் தடுக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டியிருந்தது. பலர் ஊற்ற மறந்தார்கள். 1963-உடன் அந்தக் கார் நின்றுபோனது.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1975-ல் அமெரிக்கா மைலேஜ் சட்டம் கொண்டுவந்தது. 1985-ல் கார்களுக்கு நிர்ணயித்த சராசரி கேலனுக்கு 27.5 மைல். லாரி வகையில் சேர்க்கப்பட்ட வண்டிகளுக்கோ 19.5 மைல்தான். எஸ்.யூ.வி.கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில் புகுந்துகொண்டன. 1990-களில் அவை பெருகியதற்கு இந்தச் சலுகையும் ஒரு காரணம்.

2008-ல் பெட்ரோல் கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியதும் நிலைமை மாறியது. பெரிய இன்ஜினை எடுத்துவிட்டுச் சிறிய இன்ஜினில் டர்போ வைக்கும் வழக்கம் பரவியது. வேகத்துக்காக வந்த டர்போ இப்போது சிக்கனத்தின் பெயரில் விற்கப்பட்டது. 2012 மாடல் ஃபோர்டு எக்ஸ்புளோரரில் 3.5 லிட்டர் வி6 இன்ஜினுக்குச் சீட்டில் 20 மைல், 2.0 லிட்டர் டர்போவுக்கு 23 மைல்.

சிக்கல் சோதனை முறையில் இருந்தது. சோதனை அறையில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள். 1970-களில் வகுத்த நெடுஞ்சாலைச் சோதனையின் உச்ச வேகமே மணிக்கு 60 மைல்தான். முடிவு அதிகமாக வருகிறது என்று 1985-லிருந்து நகர எண்ணில் 10 சதவீதமும் நெடுஞ்சாலை எண்ணில் 22 சதவீதமும் குறைத்து எழுதினார்கள். 2008 மாடலிலிருந்து அதிவேகம், ஏ.சி., கடுங்குளிர் ஆகிய சோதனைகளும் கணக்கில் சேர்ந்தன.

அப்படியும் குறை தீரவில்லை. 2013-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை சிறிய டர்போ இன்ஜின் வண்டிகளைச் சாலையில் ஓட்டிப் பார்த்து, பல வண்டிகள் சீட்டில் உள்ள மைலேஜைத் தரவில்லை என்று எழுதியது.

காரணம் பூஷியின் தத்துவத்திலேயே இருக்கிறது. மெதுவாக மிதித்தால் டர்போ அதிகம் வேலை செய்யாது, சிறிய இன்ஜின் சிறிய இன்ஜினாகவே பெட்ரோல் குடிக்கும். அழுத்தி மிதித்தால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்து ஏறும். சூட்டைத் தணிக்கத் தேவைக்கு மேலும் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜின்கள் உண்டு. ஜெட்ஃபயரின் தனித் தொட்டி செய்த வேலையை இங்கே பெட்ரோலே செய்கிறது.

எஸ்.யூ.வி.யோ எடை கூடியது, உயரமானது. வேகம் 60-லிருந்து 75 மைலானால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். மேற்கூரைச் சுமை, காற்று குறைந்த டயர், ஏ.சி., இன்ஜின் சூடாகும் முன்பே முடியும் குறுகிய பயணம் எல்லாம் மைலேஜைக் குறைக்கும். இவை எந்த வண்டிக்கும் பொருந்தும். ஆனால் சுமை கூடக் கூட டர்போ வண்டிக்கு அடி பலமாக விழும்.

இதைப் பணமாக்கிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டுபவருக்கு 20 மைல் மைலேஜில் 750 கேலன் தேவை. 23 மைலில் 652 கேலன் போதும். மிச்சம் 98 கேலன், 4 டாலர் விலையில் 392 டாலர். அவசரக்காரர் ஓட்டி 23 மைல் 20 ஆகிவிட்டால் மிச்சம் பூஜ்யம்.

ஆகவே டர்போ ஏமாற்று வேலை அல்ல. நிதானமாக ஓட்டுபவருக்கு அது சேமிப்பு, வேகமாக ஓட்டுபவருக்கு வேகம். இரண்டையும் ஒரே நேரத்தில் அது தராது என்பதை மட்டும் அந்தச் சீட்டு சொல்வதில்லை.