ஃபேனி கெம்பிள்

ஃபேனி கெம்பிள் (நவம்பர் 27, 1809 – ஜனவரி 15, 1893) ஆங்கிலேய மேடை நடிகையும் எழுத்தாளரும் ஆவார். அமெரிக்க அடிமை முறையை நேரில் கண்டு எழுதிய நாட்குறிப்புக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இலண்டனில் நடிகர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சார்லஸ் கெம்பிளின் கோவன்ட் கார்டன் அரங்கம் கடனில் மூழ்கியிருந்த நிலையில், 1829 இல் ஷேக்ஸ்பியரின் ஜூலியட் வேடத்தில் அறிமுகமாகி அதனைக் காப்பாற்றினார். 1832 இல் தந்தையுடன் அமெரிக்கா சென்றார். 1834 இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த பியர்ஸ் பட்லரை மணந்து நடிப்பிலிருந்து விலகினார்.

அடிமை முறை எதிர்ப்பு

ஜார்ஜியா மாநிலத்தில் பட்லர் குடும்பத்துக்கு நெல், பருத்திப் பண்ணைகள் இருந்தன. அவற்றில் நூற்றுக்கணக்கான அடிமைகள் உழைத்தனர். 1838–39 குளிர்காலத்தில் அங்கு தங்கிய கெம்பிள், அவர்கள் பட்ட சவுக்கடிகளையும், பிள்ளை பெற்ற மூன்றே வாரங்களில் பெண்கள் வயல்வேலைக்கு அனுப்பப்பட்டதையும் தோழிக்கு எழுதும் கடிதங்களின் வடிவில் பதிவு செய்தார். அடிமைகளுக்காகக் கணவரிடம் பரிந்து பேசினார். ஒரு கட்டத்தில், அவர்களின் முறையீடுகளை இனித் தம்மிடம் கொண்டுவரக் கூடாது எனப் பட்லர் தடுத்துவிட்டார்.

1849 இல் மணமுறிவு ஏற்பட்டது. மகள்கள் இருவரும் தந்தையின் பொறுப்பில் விடப்பட்டனர். கெம்பிள் ஷேக்ஸ்பியர் நாடகங்களை மேடையில் வாசித்துப் பொருள் ஈட்டினார். கடனில் சிக்கிய பட்லர் 1859 இல் சவானாவில் நானூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை ஏலத்தில் விற்றார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, பிரித்தானியரில் பலர் தென் மாநிலங்கள்பால் பரிவு காட்டினர். அதனைக் கண்ட கெம்பிள், இருபதாண்டுகளுக்கும் மேலாக வெளியிடாது வைத்திருந்த அந்நாட்குறிப்பை 1863 இல் நூலாக வெளியிட்டார். பண்ணை அடிமைகளின், குறிப்பாகப் பெண்களின், அன்றாட வாழ்வை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக அந்நூல் கருதப்படுகிறது.