நாரதர் தர்க்கமும் செவ்வுக் கணக்கும்: கதைவிளையாட்டில் பேச்சுக்கு விதி எங்கே வேண்டும்?

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதைவிளையாட்டுகளில் ஐம்பது ஆண்டாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. கோட்டைக் காவலனை ஏய்த்து உள்ளே போக வேண்டும். ஆட்டக்காரர் தாமே பாத்திரமாகப் பேசிக் காவலனை நம்பவைக்க வேண்டுமா, பாத்திரத்தின் பேச்சுத்திறன் எண்ணோடு பகடையில் விழுந்ததைக் கூட்டிப் பார்த்தால் போதுமா? வாள் வீசும் பாத்திரத்தை ஏற்றவரை யாரும் வாள் வீசிக் காட்டச் சொல்வதில்லை; நாவன்மை மிக்க பாத்திரத்தை ஏற்றவரை மட்டும் ஏன் பேசிக் காட்டச் சொல்ல வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. பகடையே பேசிவிட்டால் நடிப்பு எதற்கு என்கிறது மறுதரப்பு. இரு தரப்புக்கும் பொதுவான எடுகோள் ஒன்று இருக்கிறது: நடிப்பு விதிக்கு வெளியே நிகழ்வது, விதி நடிப்புக்கு அந்நியமானது. தூத்துக்குடிக் கரையோடு தொடர்புடைய இரண்டு மரபுகளை, ஒரு நாடகத்தையும் ஒரு வணிகத்தையும், அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த எடுகோள் நிற்காது என்பதே என் வாதம்.

விளையாட்டின் வரலாற்றை முதலில் சுருக்கமாகப் பார்க்கலாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் கவர்ச்சிக்கு ஓர் எண் இருந்தது. எதிர்ப்படுவோர் பகையா நட்பா என்று இரு பகடை உருட்டிப் பார்க்க ஓர் அட்டவணையும் இருந்தது. அதற்கு மேற்பட்ட பேச்செல்லாம் ஆட்டக்காரர் பொறுப்பு. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இணக்கப்பேச்சு, புரட்டு, மிரட்டல் ஆகியவற்றைத் தனித்தனித் திறன்களாக்கியது. போதிய அளவு எண்ணைச் சேர்த்துவைத்தவர் கொல்ல வந்த பகைவனையும் ஓர் உருட்டலில் உற்ற நண்பனாக்கிவிடலாம் என்ற நிலை வந்தது. எண் மிகுந்தது இங்கே குறையில்லை. பகைவன் எதை விட்டுக்கொடுப்பான், எதை உயிர்போனாலும் விடமாட்டான் என்று அந்த விதி கேட்கவேயில்லை, அதுதான் குறை.

இனி நாடகத்துக்கு வருகிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவருடைய 'வள்ளி திருமணம்' இன்றும் தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக விடிய விடிய நடக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியே தேதி கேட்டு அமர்த்துவார்கள். பபூனும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் வருவது அப்படித்தான். ஒத்திகை இல்லை. அந்த இரவுக்கென்று கூடியவர்கள், விடிந்ததும் அவரவர் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள்.

இந்த நாடகத்தின் உயிர்நாடி தினைப்புனத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம். எழுதிய பாட்டுகளுக்கு நடுவே இருவரும் சொந்த வசனத்தில் மோதுகிறார்கள். நாரதர் எந்தப் பக்கத்திலிருந்து கேள்வியை வீசுவார் என்று வள்ளிக்குத் தெரியாது; அவள் மடக்கினால் அவர் எப்படி மீள்வார் என்று பந்தலில் இருப்பவர்களுக்கும் தெரியாது. பேச்சுக்கு விதியே வேண்டாம் என்போர் தங்களுக்கான சான்றாக இதைத்தான் எடுப்பார்கள். சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். வள்ளி முருகனைத்தான் மணப்பாள். எவ்வளவு பெரிய வாக்குவன்மையாலும் அதை மாற்ற முடியாது. காட்சிகளின் வரிசை முடிவானது. பாட்டுகள் இருவருக்கும் பாடம். எதிராளி பாட்டை எடுத்தால் வாதத்தை நிறுத்தி இடம்விட வேண்டும். இத்தனையும் உறுதியாக இருப்பதால்தான் முன்பின் பழகாத இருவர் ஒத்திகையின்றி மேடையில் மோத முடிகிறது. அவர்களுக்கு விதிப்புத்தகம் இல்லை, உண்மைதான். ஆண்டுக்கணக்கில் பாடம்செய்து உடம்பில் ஏற்றிக்கொண்ட விதி இருக்கிறது. இக்கலைஞர்களைப் பற்றி 2005இல் நூல் வெளியிட்ட சூசன் சைசர் அவர்கள்மீது சமூகம் சுமத்தும் இழிவை முதன்மைப்படுத்தினார். அந்த இழிவு மெய்யானது. அதோடு, அவர்களுடைய கலையின் கட்டமைப்பு கோட்பாட்டாளர்கள் பாடம் கேட்கத்தக்கது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சுவாமிகளே இந்தச் சிக்கலின் மறுமுனையையும் தொட்டவர். பெரிய நடிகர்களைக் கட்டி மேய்ப்பதில் ஒழுங்கு குலைந்த காலத்தில் அவர் சிறுவர் கம்பெனிகளின் பக்கம் திரும்பினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் பெயர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். பாலர் சபையில் எழுதியதை எழுதியபடி ஒப்பிக்க வேண்டும். ஒழுங்கு வந்தது, தர்க்கத்தின் திடுக்கிடல் குறைந்தது. ஒரே மனிதரின் நாடகங்கள் இரண்டு முறைகளிலும் வாழ்ந்திருக்கின்றன. மக்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிடவில்லை.

இரண்டாவது சான்று முத்து. தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில், அரசின் பங்குச் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக, திறக்காமலே, ஏலம் விட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது பகடை உருட்டல்தான். முத்து வெளியே வந்தபின் நிலைமை வேறு. மன்னார் வளைகுடாவின் பழைய வணிக முறையில் துளையளவு வேறுபட்ட சல்லடைகளில் சலித்து முத்தைப் பிரித்தார்கள். உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அணதாரி, மசகு, கலிப்பு என்று தரம் வகுத்தார்கள். உயர்ந்த முத்துக்குச் செவ்வுக் கணக்கு போட்டார்கள்: மஞ்சாடி எடையின் வர்க்கத்தைக்கொண்டு, முத்தின் எண்ணிக்கையால் வகுத்து வரும் அளவு அது. எடை இரட்டித்தால் செவ்வு நான்கு மடங்காகும். இதில் வாய்ச்சாலத்துக்கு இடமே இல்லை. செவ்வுக்கு என்ன விலை என்பதில்தான் பேரம் தொடங்கும். தரம் பிரிப்பதிலும் கண்ணுக்குக் கண் கருத்து மாறும், அங்கேயும் பேச்சு உண்டு. ஆனால் எது கணக்கு, எது பேச்சு என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பின்பே வாய் திறக்கிறார்கள்.

இந்தப் பிரிவினையைத்தான் விளையாட்டு விதிகள் செய்ய வேண்டும். சில விளையாட்டுகள் அந்த வழியில் நடந்திருக்கின்றன. லூக் கிரேனின் 'பர்னிங் வீல்' வாதம் தொடங்குமுன் இரு தரப்பும் தமக்கு வேண்டியதை வெளிப்படையாகச் சொல்ல வைக்கிறது. வென்றவரும் இழப்புக்கேற்ப விட்டுக்கொடுத்து உடன்பட வேண்டும். வின்சென்ட் பேக்கர் 2010இல் எழுதிய 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' ஒருவரை வளைக்க அவரிடம் செல்லுபடியாகும் பிடி ஒன்று கையில் இருக்க வேண்டும் என்கிறது. பிடி இல்லாவிட்டால் உருட்டலே இல்லை. இவற்றில் விதி பேச்சுக்கு மாற்றாக வரவில்லை. எதைப் பற்றிய பேச்சு, தோற்றால் என்ன போகும் என்பதை வரையறுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

கூச்சமுள்ள ஆட்டக்காரரின் முறையீடு அப்போதும் எஞ்சுகிறது. அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஸ்பெஷல் நாடகம் நாத்தடிக்கும் நடிகருக்கு இரக்கம் காட்டாது. அடுத்த திருவிழாவுக்குத் தேதி கேட்டு யாரும் வரமாட்டார்கள். விளையாட்டு மேசை அப்படிக் கடுமையாக இருக்கத் தேவையில்லை. மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் தொட்டு விலை பேசுவார்கள்; குரல் எழும்பாதவரும் அங்கே நல்ல விலை பேசி முடிப்பார். தாம் கேட்பது என்ன, கொடுப்பது என்ன என்று ஆட்டக்காரர் சாதாரண வாக்கியத்தில் சொன்னாலே பாத்திரம் பேசியதாகக் கொள்ளலாம். அதன்மேல் பகடை விழட்டும். சொல்லழகுக்கென்று கூடுதல் எண் கொடுக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை, அது நாவன்மை உள்ளவருக்கே இரண்டு முறை கூலி கொடுப்பது. பேசத் தடுமாறுபவருக்கு மேசையில் உள்ள மற்றவர்கள் சொல்லெடுத்துக் கொடுப்பதை விதியே அனுமதிக்க வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கொடுத்து அவரை நடத்திச்செல்பவர், ஓரமாக உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர்தான்.