பீட்டில்ஸ் பாடல்களில் ‘மூலப் பதிவு’ எது? மறுசீரமைக்கப்பட்ட ஒலிவடிவங்களை ரசிகர்கள் மீண்டும் கேட்பது ஏன்?

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உருவான பீட்டில்ஸ் இசைக்குழு கலைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. குழுவின் நால்வரில் ஜான் லெனன் 1980-லும், ஜார்ஜ் ஹாரிசன் 2001-லும் மறைந்தனர். எனினும், அக்குழுவின் பழைய பதிவுகள் மறுசீரமைக்கப்பட்டு வெளிவரும் ஒவ்வொரு முறையும், அப்பாடல்களை மனப்பாடமாக அறிந்த ரசிகர்களே முதலில் அவற்றைத் தேடிச் செல்கின்றனர்.

ஏற்கெனவே கையில் உள்ள பாடலை மீண்டும் வாங்குவது வெறும் பழைய நினைவின் ஈர்ப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால், ஒலிப்பதிவின் வரலாற்றைப் பார்த்தால் அதற்கு வேறொரு காரணமும் தென்படுகிறது. ‘மூலப் பதிவுக்கு மிக நெருக்கமான ஒலி’ என்பதே மறுசீரமைப்பு வெளியீடுகளின் பொதுவான வாக்குறுதி. பீட்டில்ஸ் குழுவைப் பொறுத்தவரை, பல பாடல்களின் மூலப் பதிவு என்பதே ஒன்றுக்கு மேற்பட்டது. எனவே, தாங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுவந்தது எந்த வடிவம் என்பதைச் சரிபார்க்கும் முயற்சியாகவும் இந்த மீள்கேட்பு அமைகிறது.

ரீமாஸ்டர், ரீமிக்ஸ்: என்ன வேறுபாடு?

இவ்விரு சொற்களும் பெரும்பாலும் ஒன்றாகவே புரிந்துகொள்ளப்படுகின்றன. ஆனால், இவை வெவ்வேறு பணிகளைக் குறிக்கின்றன.

ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல், கிட்டார், டிரம்ஸ் முதலியவை காந்த நாடாவின் தனித்தனித் தடங்களில் பதிவாகின்றன. அத்தடங்களை உரிய அளவில் ஒன்றுசேர்த்து ஒரே பாடலாக்குவது ‘மிக்ஸ்’, அதாவது ஒலிக்கலவை. அக்கலவை பதிவான நாடாவே மாஸ்டர் நாடா எனப்படுகிறது.

ரீமாஸ்டர் செய்யும்போது இந்தக் கலவை தொடப்படுவதில்லை. மாஸ்டர் நாடாவைப் புதிய கருவிகளால் மீண்டும் எண்ம வடிவுக்கு மாற்றி, உயர், தாழ் ஒலிகளின் அளவைச் சரிசெய்து, இரைச்சலைக் குறைப்பதோடு பணி முடிகிறது. ஓவியத்தின் மீது படிந்த தூசியைத் துடைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். மாறாக, ரீமிக்ஸ் என்பது தனித்தடங்களுக்கே திரும்பிச் சென்று கலவையைப் புதிதாக அமைப்பதாகும். குரல் எந்தப் பக்கம் ஒலிக்க வேண்டும், பேஸ் கிட்டார் எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பவை இங்கு மீண்டும் முடிவுசெய்யப்படுகின்றன.

1987 முதல் 2009 வரை

பீட்டில்ஸ் ஆல்பங்கள் குறுந்தகடு வடிவில் முதன்முதலாக 1987-ல் வெளியாகத் தொடங்கின. முதல் நான்கு ஆல்பங்களும் மோனோ வடிவில் மட்டுமே அப்போது வந்தன. ‘ஹெல்ப்!’, ‘ரப்பர் சோல்’ ஆகிய இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் புதிய ஸ்டீரியோ கலவையை உருவாக்கினார். எண்ம ஒலித் தொழில்நுட்பம் தொடக்க நிலையில் இருந்த காலம் அது. பின்னாளில் மற்றக் குழுக்களின் பழைய பதிவுகள் மேம்பட்ட ஒலியுடன் மறுபடி வெளிவந்தபோதும், பீட்டில்ஸ் ரசிகர்கள் 22 ஆண்டுகள் அந்த முதல் குறுந்தகடுகளையே கேட்க நேர்ந்தது.

இந்நிலை 2009 செப்டம்பர் 9 அன்று மாறியது. லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடப் பொறியாளர்கள் நான்கு ஆண்டுகள் உழைத்து மறுசீரமைத்த அனைத்து ஆல்பங்களும் அன்று வெளியாயின. மூல நாடாக்கள் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் எண்ம வடிவுக்கு மாற்றப்பட்டன. புதிய ஒலியைப் பழைய இசைத்தட்டுகளுடனும் 1987 குறுந்தகடுகளுடனும் ஒப்பிட்டுப் பார்த்தே பொறியாளர்கள் முடிவெடுத்தனர்.

எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது என்பதில் அவர்கள் ஒரு நெறியை வகுத்துக்கொண்டனர். மின்கருவிகளால் ஏற்பட்ட ‘கிளிக்’ ஒலிகள், ஒலிவாங்கியில் மூச்சுக்காற்று மோதியதால் எழுந்த வெடிப்பொலிகள், சரியாகப் பொருந்தாத நாடா ஒட்டுகள் ஆகியவை சீராக்கப்பட்டன. பாடகர் மூச்சிழுக்கும் ஒலி, இருமல், நாற்காலி கிறீச்சிடும் ஓசை முதலியன இசை நிகழ்ந்த தருணத்தின் பகுதி என்று கருதப்பட்டு அப்படியே விடப்பட்டன. மொத்தம் 525 நிமிடப் பதிவில் 5 நிமிடத்துக்கும் குறைவான பகுதியில் மட்டுமே இரைச்சல் நீக்கத் தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டது.

ஒரே ஆல்பம், இரு வடிவங்கள்

2009 வெளியீட்டில் ரசிகர்களிடையே மிகுந்த விவாதத்தை எழுப்பியது, ஸ்டீரியோ தொகுப்புடன் தனியாக வெளிவந்த மோனோ தொகுப்பாகும்.

இரு ஒலிபெருக்கிகளிலும் ஒரே ஒலி கேட்பது மோனோ. இடம், வலம் எனப் பிரிந்து கேட்பது ஸ்டீரியோ. 1960-களின் பெரும்பகுதியில் பிரிட்டனில் வானொலியும் வீட்டு இசைத்தட்டுக் கருவிகளும் மோனோவிலேயே இயங்கின. ஆகவே, இசைக்குழுவும் தயாரிப்பாளரும் தங்கள் கவனத்தை மோனோ கலவையிலேயே செலுத்தினர். ஸ்டீரியோ கலவை பின்னர், பலவேளைகளில் குழுவினர் உடனில்லாமலே, விரைவாக முடிக்கப்பட்டது. தொடக்கக் கால ஸ்டீரியோ பதிவுகளில் குரல்கள் ஒரு பக்கமும் இசைக்கருவிகள் மறுபக்கமும் ஒதுங்கி நிற்பதற்கு இதுவே காரணம். இரண்டே தடங்கள் கொண்ட நாடாவில் பதிவுசெய்து, அவற்றைச் சேர்த்து மோனோவாக்குவதே அன்றைய நோக்கமாக இருந்தது. காதொலிப்பானில் கேட்கும் இன்றைய இளைஞருக்கு இப்பிரிவு விசித்திரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இரு கலவைகளும் தனித்தனியே செய்யப்பட்டதால், சில பாடல்கள் இரு வேறு பாடல்கள் போலவே ஒலிக்கின்றன. 1967-ல் வெளியான ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ ஆல்பத்தில் இடம்பெற்ற ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ பாடல் இதற்குத் தெளிவான சான்று. அதன் மோனோ வடிவம் வேகமாகவும் சற்றே உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கிறது. ஸ்டீரியோ வடிவமோ மெதுவாகவும் கனத்தும் செல்கிறது. 1968-ல் வெளியான ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ பாடலின் மோனோ வடிவம், ஸ்டீரியோ வடிவத்தைவிடச் சிறியது. ஸ்டீரியோவில் இசை தேய்ந்து மறைந்து மீண்டும் எழுகிறது; டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார் இறுதியில் எழுப்பும் புகழ்பெற்ற கூச்சலும் கேட்கிறது. மோனோவில் இவை இரண்டும் இல்லை.

‘ஹெல்ப்!’ ஆல்பத்தின் நிலை இன்னும் சிக்கலானது. 1965-ம் ஆண்டின் மோனோ, அதே ஆண்டின் ஸ்டீரியோ, 1987-ல் மார்ட்டின் உருவாக்கிய ஸ்டீரியோ என அதற்கு மூன்று கலவைகள் உள்ளன. 2009 ஸ்டீரியோ தொகுப்பில் இடம்பெற்றது 1987 கலவையே. 1965-ன் ஸ்டீரியோ கலவை, மோனோ தொகுப்பின் குறுந்தகட்டில் இணைப்பாகச் சேர்க்கப்பட்டது. ‘மூலத்தை’ நாடுபவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது அவர் முதலில் எந்த இசைத்தட்டைக் கேட்டார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

கலவையையே மாற்றிய பதிப்புகள்

‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ வெளியாகி 50 ஆண்டுகள் நிறைவடைந்த 2017-ல் அடுத்த கட்டம் தொடங்கியது. ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் பொறியாளர் சாம் ஓகெல்லும் இணைந்து அந்த ஆல்பத்துக்குப் புதிய ஸ்டீரியோ கலவையை அமைத்தனர். குழுவினர் நேரில் மேற்பார்த்த மோனோ கலவையே அதற்கு வழிகாட்டியாகக் கொள்ளப்பட்டது. அதன்படி ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ பாடலும் மோனோவின் வேகத்துக்கே திரும்பியது. ஐம்பது ஆண்டுகளாக மெதுவான வடிவத்தை மட்டுமே கேட்டுவந்தோருக்கு, திருத்தப்பட்ட பாடலே அந்நியமாக ஒலித்தது.

இதனைத் தொடர்ந்து ‘ஒயிட் ஆல்பம்’ எனப்படும் 1968 ஆல்பம் 2018-லும், ‘அபே ரோடு’ 2019-லும், ‘லெட் இட் பீ’ 2021-லும் இவ்வாறே வெளிவந்தன. 1966-ன் ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்கு இம்முறை எளிதில் பொருந்தவில்லை. நான்கு தட நாடாவில் பதிவான அந்த ஆல்பத்தில் டிரம்ஸ், பேஸ், கிட்டார் ஆகியவை ஒரே தடத்தில் பிரிக்க இயலாதபடி கலந்திருந்தன. ‘கெட் பேக்’ ஆவணப்படத்துக்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழுவினர் உருவாக்கிய மென்பொருள் இத்தடையை நீக்கியது. ஒவ்வொரு கருவியின் ஒலியையும் அடையாளம் காணப் பயிற்றுவிக்கப்பட்ட அம்மென்பொருள், ஒரே தடத்தில் கலந்தவற்றைப் பிரித்தெடுத்தது. 2022-ல் வெளியான ‘ரிவால்வர்’ புதிய கலவை இதன் துணையுடனேயே சாத்தியமானது.

இதே வழியில், லெனன் 1970-களின் பிற்பகுதியில் வீட்டு ஒலிநாடாவில் பதிவுசெய்திருந்த குரல், பியானோ ஒலியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதனைக் கொண்டு முழுமையாக்கப்பட்ட ‘நவ் அண்ட் தென்’ பாடல் 2023 நவம்பர் 2 அன்று வெளியாகி, 2025-ல் சிறந்த ராக் நிகழ்த்துதலுக்கான கிராமி விருதையும் பெற்றது.

ஆதரவும் தயக்கமும் ஒருங்கே எழும் இடம் இதுதான். டிரம்ஸும் பேஸும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை என்று ஒரு சாரார் மகிழ்கின்றனர். பதிவில் இருந்ததை வெளிக்கொணர்வது வேறு, அன்று எடுக்கப்பட்ட முடிவுகளை இன்று மாற்றுவது வேறு என்று மற்றொரு சாரார் வாதிடுகின்றனர்.

பம்பாயும் ரிஷிகேஷும்

இந்த மீள்வெளியீடுகளில் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ‘வொண்டர்வால்’ திரைப்படத்துக்கு இசையமைக்க 1968 ஜனவரியில் பம்பாய் வந்த ஜார்ஜ் ஹாரிசன், அங்குள்ள எச்.எம்.வி. ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்திய இசைக்கலைஞர்களைக் கொண்டு ‘தி இன்னர் லைட்’ பாடலின் பின்னணி இசையையும் பதிவுசெய்தார். பிப்ரவரியில் லண்டனில் குரல் சேர்க்கப்பட்டு, மார்ச் மாதம் ‘லேடி மடோனா’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் அது வெளியானது. அப்போது வந்தது மோனோ வடிவம். ஸ்டீரியோ கலவை 1970-ல்தான் செய்யப்பட்டது. பம்பாயில் பதிவான அந்த இசையின் இரு வடிவங்களும் 2009 வெளியீட்டில் இடம்பெற்றன.

அதே ஆண்டு பிப்ரவரியில் குழுவினர் ரிஷிகேஷில் உள்ள மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு வந்தனர். ‘ஒயிட் ஆல்பத்தின்’ 30 பாடல்களில் பல அங்கு உருவானவை. இங்கிலாந்து திரும்பியதும் ஈஷர் என்னும் ஊரிலுள்ள ஹாரிசனின் வீட்டில், பெரும்பாலும் கிட்டாரை மட்டும் துணைகொண்டு அவர்கள் 27 பாடல்களை முன்மாதிரியாகப் பதிவுசெய்தனர். அவை அனைத்தும் 2018 பதிப்பில் முறையாக வெளியாயின. கங்கைக் கரையில் எழுதப்பட்ட பாடல்கள், ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையும் முன் எவ்வாறு இருந்தன என்பதை இப்பதிவுகள் காட்டுகின்றன.

கேட்போர் கவனத்துக்கு

இசைச் செயலிகளில் ஒரே பாடல் பலமுறை காணப்படுவது புதியவர்களைக் குழப்பக்கூடும். பாடலின் பெயருக்கு அருகில் ‘ரீமாஸ்டர்டு 2009’ என்றிருந்தால் அது பழைய கலவையின் மறுசீரமைப்பு. ‘2017 மிக்ஸ்’ என்பதுபோல் இருந்தால் அது புதிதாக அமைக்கப்பட்ட கலவை. இரண்டையும் ஒப்பிட விரும்புவோர், ஒலியின் அளவைச் சமமாக வைத்துக் கேட்பது அவசியம். சற்றே உரக்க ஒலிப்பதை மனிதச் செவி ‘மேலான தரம்’ என எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. 2009 பணியில் ஸ்டீரியோ வடிவத்தின் ஒலியளவு மிதமாக உயர்த்தப்பட்டது. மோனோ வடிவம் அவ்வாறு உயர்த்தப்படவில்லை. இதனை அறியாமல் ஒப்பிட்டால் முடிவு தவறாகலாம்.

நாடா இல்லையெனில் மறுசீரமைப்பும் இல்லை

எத்தகைய தொழில்நுட்பமும் நாடா எஞ்சியிருந்தால் மட்டுமே பயன்படும். பீட்டில்ஸின் முதல் பாடலான ‘லவ் மீ டூ’ 1962 அக்டோபரில் இசைத்தட்டாக வெளியானது. அந்த முதல் வடிவத்தின் மூல நாடா இன்று இல்லை. பிற்கால வெளியீடுகளுக்கு, அக்காலத்தில் அச்சான இசைத்தட்டு ஒன்றிலிருந்தே ஒலி எடுக்கப்பட்டது. உலகின் மிகப் புகழ்பெற்ற இசைக்குழுவின் முதல் வெளியீட்டுக்கே இதுதான் நிலை.

பழைய கலவைகளுக்கும் இது பொருந்தும். விற்பனையில் இல்லாத வடிவம் காலப்போக்கில் பொதுநினைவிலிருந்தும் மறைகிறது. 2009 மோனோ தொகுப்பு குறிப்பிட்ட எண்ணிக்கையிலேயே வெளியிடப்பட்டது. மோனோ ஆல்பங்கள் இசைத்தட்டு வடிவில் மீண்டும் வர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதிய கலவை பழையதற்குப் பக்கத்தில் நின்றால் அது இன்னொரு வாசிப்பு. பழையதை அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்தால், அடுத்த தலைமுறை அதனையே மூலம் என நம்பும். ஒவ்வொரு பதிப்பையும் வாங்கி, நொடி நொடியாக ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்துவைக்கும் ரசிகர்களின் உழைப்பு மிகையாகத் தோன்றலாம். ஒரு பாடல் முன்பு எப்படி ஒலித்தது என்பதற்கு எஞ்சும் சாட்சிகளில் அவர்களும் அடங்குவர்.