வந்து வந்து போன விமானம்

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் சாலையில், ஓமலூரை அடுத்து இருக்கிறது கமலாபுரம். சேலம் விமான நிலையம் 1993இல் இங்கேதான் திறக்கப்பட்டது. அன்று முதல் ஓடுதளம் அதே இடத்தில் கிடக்கிறது. விமானங்கள்தான் வருவதும் காணாமல் போவதுமாக இருந்தன. மூன்று முறை சேவை தொடங்கி மூன்று முறையும் நின்றது. 2023இல் நான்காவது முறையாகத் தொடங்கியது.

முதலில் வந்தது என்.ஈ.பி.சி. ஏர்லைன்ஸ். காற்றாலை தயாரித்துக்கொண்டிருந்த ஒரு சென்னைக் குழுமம், தனியாருக்கு வானம் திறந்துவிடப்பட்ட அந்தக் காலத்தில் விமானத் தொழிலிலும் இறங்கியது. 1953இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமை ஆன பிறகு தனியார் நிறுவனங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு அது. ஈஸ்ட் வெஸ்ட், டமானியா, மோதிலுஃப்ட் என்று கிளம்பியவை எல்லாம் சில ஆண்டுகளில் காணாமல் போயின; என்.ஈ.பி.சி.யும் 1997இல் முடங்கியது. அதற்கு வெகு முன்பே சேலம் சேவை நின்றுவிட்டது. சொல்லப்பட்ட காரணம், போதிய பயணிகள் இல்லை என்பது. அந்தப் பழி ஊரின் மேல் ஒட்டிக்கொண்டது.

பயணிகள் இல்லாத ஊரா சேலம்? இரவு ஏற்காடு எக்ஸ்பிரசில் ஏறிப் படுத்தால் விடியற்காலையில் சென்னை சென்ட்ரல். அந்த ரயிலில் இடம் கிடைக்காமல் தட்கலுக்குக் காத்துக் கிடப்பவர்கள் எப்போதும் உண்டு. சங்ககிரி லாரி உரிமையாளர்கள், திருச்செங்கோட்டிலிருந்து வடமாநிலங்களுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி அனுப்புகிறவர்கள், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் என்று தொழில் நிமித்தம் நாடு முழுக்க அலைகிறவர்களின் வட்டாரம் இது. ஆனால் ரயிலைப் போட்டியாளராகக் கொண்ட விமானம், முதலில் ரயிலைப் போல நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். அந்தப் பாடத்தை யாரும் படிக்கவில்லை.

ஏறத்தாழ 15 ஆண்டு இடைவெளிக்குப் பின், 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது. சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே ஏ.டி.ஆர். ரகச் சிறு விமானம். உபசரிப்புக்குப் பேர்போன நிறுவனம். ஒருமுறைகூட ஆண்டு லாபம் காணாத நிறுவனமும் அதுவே. 2011இல் சேலத்தை விட்டது. 2012 அக்டோபரில் அதன் உரிமமே நிறுத்திவைக்கப்பட்டது. சிரித்த முகத்தோடு வரவேற்பதுதான் வாடிக்கையாளர் சேவை என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்கலாம். அடுத்த மாதம் விமானம் வருமா என்று தெரியாதபோது அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு பயணி என்ன செய்வார்?

மூன்றாவது முயற்சி, சிறு ஊர்களுக்கு மானியத்தோடு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் வழியே வந்தது. ஒரு மணி நேரப் பறப்புக்கு, பாதி இருக்கைகளில் கட்டணம் 2,500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. நிறுவனத்துக்கு வரும் இழப்பை அரசு மூன்று ஆண்டுகளுக்கு ஈடு செய்யும். 2018 மார்ச் 25 அன்று, அப்போதைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி ட்ரூஜெட் சேவையைத் தொடங்கி வைத்தார். இம்முறை மக்கள் நிஜமாகவே ஏறினார்கள். ஆயினும் 2021இல், கொரோனா இரண்டாம் அலையோடு அதுவும் நின்றது. மறு ஆண்டு ட்ரூஜெட் நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது.

சேலத்தின் ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர் என்பதால், எழுபது பேர் ஏறும் ஏ.டி.ஆர். ரகமே இங்கு வழக்கமாக வருகிறது. கையில் நாலைந்து விமானங்கள் மட்டுமே வைத்திருக்கும் நிறுவனத்தில் ஒன்று பழுதானால் மாற்று கிடையாது. காலையில் வேறு ஊரில் ஏற்பட்ட தாமதம் வரிசையாக அடுத்தடுத்த ஊர்களில் இறங்கும். அப்போது முதலில் ரத்தாவது சின்ன ஊர்தான். ஓடுதளத்தை நீட்டுவதும் எளிதாக இல்லை. 2018இல் விமான நிலைய விரிவாக்கத்துக்காக 570 ஏக்கர் நிலம் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது, கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். இரண்டு முறை கைவிட்டுப்போன விமானத்துக்காக விளைநிலத்தைக் கொடு என்றால் யார் கொடுப்பார்?

விமானம் இப்படி வந்து வந்து போனதில் நஷ்டப்பட்டது சுற்றுலா. சேலத்துக்கு மேலே ஏற்காடு. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச்செடி கொண்டுவந்த மலை. இந்தப் பக்கம் எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி. வெளியூர்ப் பயணிகளை அழைத்துவரும் முகவர், அறையும் வண்டியும் முன்பதிவு செய்த பிறகு விமானம் ரத்தானால் கைப்பணத்தை இழப்பார். ஆகவே அவர் கோவையிலோ திருச்சியிலோ பெங்களூரிலோ இறக்குகிறார். கோவையில் இறங்கியவர் ஊட்டிக்குப் போய்விடுகிறார். அப்படிப் போனவர் திரும்ப ஏற்காட்டுக்கு வரப்போவதில்லை.

இது சேலத்தின் தனிக்கதையும் அல்ல. 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் உடானின் முதல் மூன்று சுற்றுகளை ஆராய்ந்தார். ஒதுக்கிய 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டுகளை நிறைவு செய்தவை 112. மானியம் முடிந்த பின்னும் ஓடியவை வெறும் 54. நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றும் இண்டிகோகூட, விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகளுக்குத் தயாராகாமல் 2025 டிசம்பரில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. பெரிய ஊர்க்காரர்கள் அன்று பட்ட அவதி, சேலத்துக்குப் பழக்கப்பட்ட ஒன்று.

2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூருக்கும் கொச்சிக்கும், இண்டிகோ சென்னை, பெங்களூர், ஹைதராபாத்துக்கும் இங்கிருந்து பறக்கத் தொடங்கின. இம்முறை ஊர்க்காரர்கள் ஒன்றைக் கேட்க வேண்டும். மானியம் கொடுக்கும் அரசு, ஒவ்வொரு தடத்திலும் மாதத்துக்கு எத்தனை விமானங்கள் ரத்தாயின, எத்தனை தாமதமாயின என்பதை விமான நிலைய வாசலிலேயே எழுதி ஒட்டட்டும். 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் ரத்து செய்தால், ஒரு மணி நேரத் தடத்தில் 5,000 ரூபாய் வரை இழப்பீடு என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அதையும் பக்கத்திலேயே தமிழில் எழுதி வைக்கட்டும்.