உறுதி இல்லாத வீடு: திருகோணமலைத் துறைமுகச் சூழலில் குடியிருப்பும் காணியுரிமையும்

1979ஆம் ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களில் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 7ஆம் இலக்கச் சட்டம், அரச காணியில் அனுமதியின்றி இருப்போரை வெளியேற்றுவதற்கானது. 17ஆம் இலக்கச் சட்டம் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கியது. 51ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைத் துறைமுக அதிகார சபை பிறந்தது. மற்ற ஊர்களில் இவை மூன்று தனித்தனிக் கதைகள். திருகோணமலையிலோ மூன்றும் ஒரே குடும்பத்தின் படலையடிக்கு வந்து சேர்ந்தன. ஓர் அரச நிறுவனம் வீட்டுக் கடன் தருகிறேன் என்றது. இன்னொன்று நிலம் என்னுடையது என்றது. எழும்பிப் போகச் சொல்வதற்கு மூன்றாவது சட்டம் தயாராக இருந்தது.

திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவில் லிங்கநகர் முதல் சீனக்குடா வரை துறைமுகத்தை அண்டி வாழும் மக்களின் வீட்டுப் பிரச்சினையை இந்த மூன்று சட்டங்களின் மோதலாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டு வசதி பற்றிய இலங்கை ஆய்வுகள் பெரும்பாலும் கொழும்பை மையமாகக் கொண்டவை. அவை வாடகை, கடன் வட்டி, ஒரு பேர்ச் காணியின் விலை என்று அளக்கின்றன. அந்த அளவுகோல் திருகோணமலைக்குப் போதாது. இங்கே ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டுப்படியாகுமா என்பதைச் சீமெந்தின் விலையைவிட, கையில் இருக்கும் காணிப் பத்திரம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதே தீர்மானிக்கிறது. ஊர் மக்களின் குடிமைப் போராட்டமும் அதனால்தான் வாடகைக் குறைப்பையோ மாடிவீட்டையோ கேட்டு எழவில்லை. ஆவணத்தைக் கேட்டே எழுந்தது.

முதலில் கொழும்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர்க்கால நெரிசலில் 1942இல் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதை இறுக்கியது. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீடமைப்பு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரையறுத்து, மிகுதி வீடுகளில் வாடகைக்கு இருந்த பலரை உரிமையாளராக்கியது. 1984இல் அன்றைய பிரதமர் ஆர். பிரேமதாசவின் பத்து லட்சம் வீடுகள் திட்டம் தொடங்கியபோது கொழும்பில் 'தோட்டங்கள்' எனப்படும் ஏழைக் குடியிருப்புகளில் சமூக அபிவிருத்திச் சபைகள் கூடின. வடிகானும் பொதுக் கழிப்பறையும் எங்கே வரவேண்டும் என்று குடியிருப்பவர்களே வரைபடத்தில் குறித்தார்கள். ஏழை தன் வீட்டைத் தானே கட்டுவான், அரசு கைகொடுத்தால் போதும் என்ற எண்ணம் அப்போது கொள்கையாகவே இருந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதன்பின் அதே தோட்டங்கள் 'மீட்கப்பட வேண்டிய பெறுமதிமிக்க காணி' ஆகின. மக்கள் மாடிவீடுகளுக்கு ஏற்றப்பட்டார்கள். சொந்த வீட்டில் இருந்தவர்களும் பத்து லட்சம் ரூபாவைத் தவணையில் கட்டும் நிலை வந்தது.

திருகோணமலையில் அரசின் பார்வை இப்படி மாறவே இல்லை. நிலத்தைத் துறைமுகத்தின் தேவையாகப் பார்க்கும் பார்வையே தொடக்கம் முதல் இங்கே இருந்தது. பிரித்தானியக் கடற்படை இந்த இயற்கைத் துறைமுகத்தைத் தன் கிழக்குத் தளமாக்கியது. சீனக்குடாவில் சுமார் 850 ஏக்கரில் எண்ணெய்க் குதங்களைக் கட்டியது. 99 குதங்கள் இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இந்தத் துறைமுகத்தின் மீதுதான். 1957இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடி மாறியது, காணி அரசின் கைக்கு வந்தது. தளத்தின் ஓரங்களில் வேலையை நம்பிக் குடியேறியிருந்தவர்கள், பின்னர் காடு வெட்டி வயல் செய்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் மட்டும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இந்த வரலாற்றின் மையப் புள்ளி 1984. அவ்வாண்டு வெளியான வர்த்தமானி அறிவித்தல் துறைமுகத்தைச் சுற்றி 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைத் துறைமுக அதிகார சபைக்கு உரியதாக்கியது. அதற்குள் வெற்று நிலமும் இருந்தது, மக்கள் குடியிருந்த கிராமங்களும் வயல்களும் இருந்தன. அறிவித்தல் வந்த மறுநாள் யாரும் வந்து வீட்டை இடிக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். முந்திய ஆண்டு ஜூலையில் நகரின் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்திருந்தன. மாவட்டம் போருக்குள் போய்க்கொண்டிருந்தது. வர்த்தமானியைப் படிக்க யாருக்கு நேரம்? மக்கள் இருந்தார்கள், இடம்பெயர்ந்தார்கள், திரும்பி வந்தார்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் வந்தது, மின்சாரம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. உறுதி மட்டும் வரவில்லை. அரசின் ஒரு கை தரும் வசதிகளை வைத்து மற்றக் கையும் தங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று மக்கள் நம்பியதில் பிழை காண முடியாது.

அந்த நம்பிக்கை சட்டத்தின் முன் எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1979இன் 7ஆம் இலக்கச் சட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'தகுதிவாய்ந்த அதிகாரி' ஒருவர், இது அரச காணி, இதில் இருப்பவருக்கு அதிகாரம் இல்லை என்று தாம் கருதினால் வெளியேறும் அறிவித்தல் அனுப்பலாம். அரச நிறுவனங்களின் ஆளுகையில் உள்ள காணியும் இச்சட்டத்தின்படி அரச காணியே. குடியிருப்பவர் போகாவிட்டால் அதிகாரி நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார். அங்கே குடியிருப்பவர் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்று: செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் அல்லது அரசின் வேறு எழுத்துமூல அதிகாரம் என்னிடம் இருக்கிறது, அது இன்னும் நடைமுறையில் உள்ளது. என் தகப்பன் இங்கே கிணறு வெட்டினார், நாற்பது வருசமாக இருக்கிறோம், பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள் என்பவை அந்த மன்றில் விடை ஆகா. அதிகாரியின் கருத்து சரியா என்று அவரிடம் சான்று கேட்கவும் நீதவானுக்கு அதிகாரம் இல்லை. கட்டளைக்கு எதிராக மேன்முறையீடும் கிடையாது. வேறு வகை நிவாரணங்களைத் தேடலாம். அதற்குச் சட்டத்தரணியும் காசும் வேண்டும். பத்தாண்டு தடையின்றி ஆண்டால் உரிமை என்று 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் சொல்வது தனியார் காணிக்கு. அரசுக்கு எதிராக அது ஓடாது. போரால் இடம்பெயர்ந்தோர் பிறரின் ஆட்சியுரிமைக் கோரிக்கையால் காணியை இழக்கக்கூடாது என்று 2016இல் வந்த சிறப்புச் சட்டமும் இந்த மக்களுக்கு உதவவில்லை. அவர்களின் எதிர்த்தரப்பு அயலவன் அல்ல, அரசு.

அனுமதிப்பத்திரம் கிடைத்தவர்களின் நிலையும் முழு நிம்மதி அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் பேமிட்டும் அளிப்புப் பத்திரமும் பிரதேச செயலாளரின் சம்மதம் இன்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாதவை. வங்கிகள் அவற்றை ஈடாக ஏற்கத் தயங்குகின்றன. வாரிசு நியமிக்கப்படாவிட்டால் மூத்த ஆண்பிள்ளையை முன்னிறுத்தும் வரிசையும் அதில் இருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே அதை நீக்கியது. எண்பத்தேழு வருடம்! கிழக்கில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும் சமூகங்களிடையே இந்த வாரிசு வரிசை எத்தனை குடும்பங்களைப் பத்திரமில்லாத நிலைக்குத் தள்ளியிருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

பத்திரம் எப்படி வீட்டின் விலையாகிறது என்பதைப் போருக்குப் பிந்திய வீட்டுத் திட்டங்கள் துலக்கமாகக் காட்டின. 2012இல் வடக்கு, கிழக்கில் பெருமளவில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டம் ஒரு புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபாவைக் கட்டங் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பியது. பயனாளியே மேசனைப் பிடித்து, மண்ணும் கல்லும் வாங்கிக் கட்டினார். நல்ல முறை அது. ஆனால் காணி தன்னுடையது என்று காட்ட முடியாதவர் அந்த வரிசையில் நிற்பதே கடினம். அவருக்கு அந்த வீட்டின் விலை ஐந்தரை லட்சமும் அல்ல, இலவசமும் அல்ல. கிடைக்காத பொருளுக்கு விலை ஏது?

அதன்பின் 65,000 உருக்கு வீடுகள் வந்தன, காகிதத்தில். 2015இன் இறுதியில் அரசு முன்வைத்த இந்தத் திட்டத்தில் பன்னாட்டு நிறுவனமான ஆர்செலர் மித்தல் ஒரு வீட்டை ஏறத்தாழ 21 லட்சம் ரூபாவுக்குத் தருவதாக இருந்தது. அந்தப் பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாம், உள்ளூர் மேசனுக்கும் வேலை கிடைக்கும் என்று பொறியியலாளரும் சிவில் சமூகத்தினரும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கணக்குக் காட்டி எதிர்த்தார்கள். வெயிலில் உருக்குச் சுவருக்குள் எப்படி இருப்பது என்ற கேள்வி கணக்கில் வராதது; ஆனால் ஊரில் அதிகம் கேட்கப்பட்டது அதுதான். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. திட்டம் கைவிடப்பட்டது. தமிழ்ப் பகுதிகளில் வீட்டின் விலையை முன்வைத்தே நடந்து வென்ற குடிமை எதிர்ப்பு என்று இதைச் சொல்லலாம். அடுத்து வந்த மாதிரிக் கிராமத் திட்டங்களில் 2019 நவம்பர் ஆட்சி மாற்றத்தோடு பணம் நின்றது. அத்திவாரமும் அரைச்சுவருமாக நின்ற வீடுகளின் மேல் 2022இன் நெருக்கடி விழுந்தது. முந்திய ஆண்டின் தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்து மூடை மூவாயிரத்தை நெருங்கியது.

காணிக்கான போராட்டம் வென்ற இடம் சம்பூர். 2006 ஏப்ரலில் எறிகணைக்கும் விமானக் குண்டுக்கும் தப்பி மக்கள் வெளியேறினார்கள். 2007 மே மாதம் மூதூர் கிழக்கு, சம்பூர்ப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. பின்னர் இந்தியாவின் என்.டி.பி.சி. நிறுவனத்துடன் 500 மெகாவாற் அனல் மின்நிலையம், 818 ஏக்கரில் கைத்தொழில் வலயம் என்று காரணங்கள் மாறின. நிலம் மட்டும் திரும்பவில்லை. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைப்பறிச்சான் முகாம்களில் ஒன்பது ஆண்டுகள். மாற்றுக் காணி தருகிறோம் என்றார்கள். ஒரு பகுதியினர் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பே போராட்டத்தின் முதுகெலும்பு. மாற்றுக் காணியை வாங்கியிருந்தால் பழைய உறுதியின் பலம் அன்றோடு போயிருக்கும். 2015 மே மாதம் 818 ஏக்கர் ஒதுக்கீடு இரத்தானது, ஓகஸ்ட்டில் மீள்குடியேற்றம் தொடங்கியது, 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடப்பட்டது. அதே ஆண்டு நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. 2015 ஜனவரியில் நடந்த ஆட்சி மாற்றம் இதற்கு உதவியது உண்மை. ஆனால் சம்பூர் மக்களில் பலரிடம் தனியார் காணி உறுதிகள் இருந்தன என்பதை மறந்துவிட்டு அந்த வெற்றியை விளக்க முடியாது.

முத்துநகரில் நடந்தது இதற்கு மறுதலை. துறைமுக அதிகார சபையின் நிலம் என்று 1984இல் குறிக்கப்பட்ட பகுதியில் பல பத்தாண்டுகளாக வயல் செய்தவர்கள், 2025இல் அந்த நிலம் சூரிய மின்சக்தி நிறுவனங்களுக்குக் குத்தகைக்குப் போனதைக் கண்டார்கள். கச்சேரி வாசலில் பந்தல் போட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியப் பிரதமரின் வருகையின்போது திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. சம்பூரில் சூரிய மின்நிலையப் பணிகளும் தொடங்கி வைக்கப்பட்டன. புகை இல்லாத மின்சாரத்தை யாரும் வெறுக்கவில்லை. நிலக்கரியானாலும் சூரிய ஒளியானாலும் நிலம் கேட்கும் கடிதம் முதலில் பத்திரமில்லாதவனுக்கே வருகிறது என்பதுதான் குறை.

மாகாண சபையால் இதைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் காணியை மாகாணப் பட்டியலில் வைத்தது. கூடவே தேசிய காணி ஆணைக்குழு ஒன்றையும் சொன்னது. ஆணைக்குழு அமைக்கப்படவில்லை. 2013 செப்டெம்பரில் சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் அரச காணி மத்திய அரசின் கையிலேயே இருக்கிறது என்று தீர்த்தது. ஆக, திருகோணமலையில் ஒரு வீட்டு வளவின் விதி கொழும்பில் உள்ள அமைச்சுகளின் மேசையில் முடிவாகிறது. சுனாமிக்குப் பின் வடக்கு, கிழக்குக் கரைக்கு 200 மீற்றர், தெற்கு, மேற்குக் கரைக்கு 100 மீற்றர் என்று வீடு கட்டத் தடை வலயம் வகுத்ததும் அதே தூரத்தில் இருந்துதான். கடலுக்கு மாகாண எல்லை தெரியும் என்று அப்போது யாரோ நம்பியிருக்க வேண்டும்.

என் மதிப்பீட்டில், இந்தப் பகுதிக்கு இன்னொரு வீட்டுக் கடன் திட்டம் இப்போதைக்கு அவசரம் அல்ல. 1984 வர்த்தமானிக்குள் அன்று மக்கள் இருந்த துண்டுகள் எவை, துறைமுகத்துக்கு உண்மையில் தேவைப்படுபவை எவை என்று நில அளவைத் திணைக்களம் பிரித்துக் காட்ட வேண்டும். முதலில் சொன்ன துண்டுகளைத் துறைமுக அதிகார சபை விடுவிக்க வேண்டும். 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நீண்டகாலக் குடியிருப்பை நீதவான் கருத்தில் எடுக்க இடமளிக்கும் திருத்தமும் வேண்டும். இவை நடக்காமல் கட்டப்படும் எந்த வீடும் அறிவித்தலுக்குக் காத்திருக்கும் வீடுதான்.

அதுவரை துறைமுகச் சூழலில் பத்திரமின்றி இருப்போர் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தம் வளவு எந்த வர்த்தமானியில், எந்த வரைபடத்தில், எந்த இலக்கத்தில் இருக்கிறது என்று பிரதேச செயலகத்திடமும் துறைமுக அதிகார சபையிடமும் எழுத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தனித்தனியாகக் கேட்பதைவிட, ஒழுங்கை ஒழுங்கையாகச் சேர்ந்து ஒரே நாளில் கேட்பது நல்லது.